பம்பருக்கு ஒரு மொட்டை

மைசூரில் ஒருவர் பெரிய மனிதர்தானா என்று தெரிந்துகொள்ள ரொம்ப விசாரிக்க வேண்டியதில்லை. எப்போதாவது ஒரு மேடையில் அவர் தலையில் பேட்டா வைத்திருக்கிறார்களா என்று கேட்டால் போதும். பேட்டா என்றால் பட்டுத் தலைப்பாகை. ஓரமெல்லாம் தங்க ஜரிகை, முன்னால் ஒரு குஞ்சம். முன்பெல்லாம் தலையிலேயே சுற்றிக் கட்டுவார்களாம். இப்போது கடையில் தைத்தே கிடைக்கிறது. குல்லாய் மாதிரி மாட்டி, சால்வை போர்த்தி, பழக்கூடையைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம். ரிட்டயரான தலைமையாசிரியர், பல் டாக்டர், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்று யார் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் ஒன்று இருக்கும்.

ஆனால் ஒரு ரோபோவுக்குப் பேட்டா வைத்த பெருமை விஜயதாரா ஆட்டோ கோட்டிங்ஸ் கம்பெனியைத்தான் சேரும். ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருக்கிறது அந்தக் கம்பெனி. கார்களின் பம்பர்கள் அங்கே வெறும் பிளாஸ்டிக்காக வந்து இறங்கும். பெயின்ட் அடித்துக்கொண்டு பளபளவென்று திரும்பிப் போகும். முன்பு ஆட்கள் கையில் துப்பாக்கி பிடித்துப் பெயின்ட் அடித்தார்கள். அந்த ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரியாது. கம்பெனிக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இடத்தில் இப்போது ஒரு ரோபோ இருக்கிறது என்பதுதான்.

காகிதத்தில் அதன் பெயர் ஆர்-ஒன். தொழிலாளர்கள் வைத்த பெயர் யஜமானர். கண்ணாடி அறைக்குள் ஒற்றைக் கையோடு நின்றுகொண்டிருக்கும். கையின் நுனியில் பெயின்ட் பீய்ச்சும் மூக்கு. அந்த அறையில் எப்போதும் ஒரே குளிர்ச்சி, வடிகட்டிய காற்று, தூசி கிடையாது, சத்தம் கிடையாது. வெளியே மனிதர்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு மின்விசிறி உண்டு. அது ரிப்பேரில் இருக்கிறது. வந்த மாதத்திலிருந்து சிறந்த ஊழியர் விருதை யஜமானர்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார். சான்றிதழை வாங்கிக்கொள்ளக் கை நீளாததால் கண்ணாடியில் ஒட்டிவிடுவார்கள்.

"அவரைப் பார்த்துக் கத்துக்கோங்க. லீவு கேக்கறதில்ல, டீ கேக்கறதில்ல, ஏன்னு கேக்கறதில்ல" என்பாள் மனிதவளப் பிரிவின் சுசித்ரா. மனிதவளம் என்பது மனிதர்களைப் பற்றிய புகார்களைக் கவனிக்கும் பிரிவு.

யஜமானருக்கு முன்னால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, பம்பர் உள்ளே போகுமுன் பிசுபிசுப்பான துணியால் அதைத் துடைப்பது மகேஸ்வரியின் வேலை. ஒரு தூசி, ஒரு நூல் ஒட்டியிருந்தாலும் பெயின்ட்டுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். பம்பர் திரும்பி வந்துவிடும். மகேஸ்வரிக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம், தமிழ்க் குடும்பம். கொத்தனாரான புருஷன் கணேசனோடு மைசூருக்கு வந்தவள். அவன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபின், அக்ரஹாரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் அவனை உட்காரவைத்துவிட்டு இவள் பம்பர் துடைக்க வந்தாள். அவளும் வருஷக்கணக்காகத் துடைக்கிறாள். ஆனால் கம்பெனியைப் பொறுத்தவரை அவள் எப்போதும் புதிதாகச் சேர்ந்தவள். வருஷம் முடியுமுன் ராஜினாமா வாங்கிக்கொண்டு சில நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். பிறகு புது ஆளாக எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சில நாட்கள் அவளுக்குச் சோறு இறங்காது. திரும்பக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தத் தசராவுக்கு முன் சுசித்ரா ஒரு நல்ல செய்தி சொன்னாள். துடைக்கிறவர்களில் ஒருவரை நிரந்தரம் செய்யப்போகிறார்களாம். தசராவிலிருந்து வருஷக் கடைசிவரை தூசி, நூல் என்று ஒரு பம்பர்கூடத் திரும்பி வராமல் இருந்தால் அந்த இடம் மகேஸ்வரிக்கு. அவள் அன்று வீட்டுக்குப் போய்க் கணேசனிடம் சொன்னபோது, விழுந்ததற்குப்பின் முதல் தடவையாக அவன் சிரித்தான்.

ஆயுத பூஜையன்று எம்.டி. வந்தார். பெயின்ட் ஷாப்பில் பூஜை செய்வது சாதாரண விஷயமில்லை. தின்னர் ஆவி இருக்கும் இடம். தீக்குச்சி கிழித்தால் கம்பெனியே மேலே போய்விடும். ஆகவே பாதுகாப்பு அதிகாரி ஒரு வாரமாக யோசித்து எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்திருந்தார். கற்பூரத்துக்குப் பதில் தீப்பொறி கிளம்பாத தொழிற்சாலை டார்ச். குங்குமம் பறக்கும் என்பதால் சிவப்பு ஸ்டிக்கர். பூவில் மகரந்தம் இருக்கிறது என்பதால் பூவின் படம். பூசணிக்காயையும் தேங்காயையும் கார் நிறுத்தும் இடத்தில் உடைத்துவிட்டு அந்த வீடியோவை உள்ளே கொண்டுவந்து யஜமானருக்குக் காட்டினார்கள். டார்ச்சைத் தட்டில் வைத்துச் சுற்றிக் காட்டியபோது எல்லோரும் பயபக்தியோடு அந்த வெளிச்சத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

இவ்வளவு ஜாக்கிரதையாக எல்லாம் நடந்து முடிந்த சமயத்தில் எம்.டி. தன் பையிலிருந்து பேட்டாவை எடுத்தார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை. பாதுகாப்பு அதிகாரி வாயைத் திறந்தார், எம்.டி.யைப் பார்த்ததும் கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டார். யஜமானருக்குத் தலை என்று தனியாக இல்லாததால், பெயின்ட் பீய்ச்சும் மூக்குக்கு மேலே மணிக்கட்டு மாதிரி இருக்கும் இடத்தில் பேட்டாவை மாட்டினார் எம்.டி. பிறகு பேசினார். அவர் பேச்சு இங்கிலீஷும் கன்னடமுமாக இருந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

"நான் மனிதர்களை மதிக்கிறவன். இந்த ஒரு மெஷினை வாங்கி எத்தனையோ மனிதர்களைக் கஷ்டமான வேலையிலிருந்து விடுதலை செய்திருக்கிறேன். அவர்கள் எங்கிருந்தாலும் என்னை நினைத்துக்கொள்வார்கள். ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? மனிதனுக்கு மரியாதை கொடுத்தால் மறுநாளே சம்பள உயர்வு கேட்கிறான். இதோ, இவர் தலையில் பேட்டா வைத்தேன். ஏதாவது கேட்டாரா? இதைத்தான் நான் பண்பாடு என்கிறேன்."

கைதட்டல் அடங்கியதும் எம்.டி. பொத்தானை அழுத்தினார். யஜமானர் பேட்டாவோடு குனிந்து, நிமிர்ந்து, ஒரு கறுப்பு பம்பருக்குப் பெயின்ட் அடித்தார். அதைப் போட்டோ எடுத்து வரவேற்பறையில் பெரிதாக மாட்டினார்கள். எம்.டி. அன்று மாலையே தரம் பற்றிய மாநாடு ஒன்றுக்காக வெளிநாடு போனார். போகும்போது, "கேமராவை என் போனில் இணைத்துவிடுங்கள். எங்கே இருந்தாலும் இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்" என்றார்.

அதனால் பேட்டாவைக் கழற்ற முடியவில்லை. எம்.டி. கையால் வைத்ததை யார் கழற்றுவது என்றது நிர்வாகம். கழற்றினால் போனில் தெரியும் என்றது மனிதவளம். பராமரிப்புப் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பேட்டாவின் கனத்தையும் சேர்த்து யஜமானருக்குப் புதிதாகப் பாடம் நடத்திவிட்டது. இனி பேட்டா இல்லாவிட்டால்தான் கை தடுமாறும் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள்.

பட்டும் ஜரிகையும் மேடையில் கொஞ்ச நேரம் இருப்பதற்காகத் தைக்கப்பட்டவை. நாளெல்லாம் இடமும் வலமும் மேலும் கீழும் சுழலும் ஒரு கையில் அவை எவ்வளவு நாள் தாங்கும்? சீக்கிரமே ஓரம் பிரிய ஆரம்பித்தது. பம்பர்கள் திரும்பி வந்தன. கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் மெல்லிசாக, அழகாக, ஒரு தங்க இழை.

முதல் பம்பர் திரும்பி வந்த அன்று மகேஸ்வரி துடைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுநாள் ஒவ்வொரு பம்பரையும் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அவையும் திரும்பி வந்தன. துணியை மாற்றினாள், கையுறையை மாற்றினாள், மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யஜமானர் தலைப்பாகையை ஆட்டி ஆட்டி அழகாக வேலை செய்துகொண்டிருந்தார்.

கம்பெனி ஒரு குழு அமைத்தது. குழுவுக்குத் தலைவர் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் செந்தில்நாதன். சேலத்துக்காரர், வழுக்கைத் தலை, நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர். கூட்டம் நடக்கும் அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே பெயின்ட் அடிக்கும் இடம் நன்றாகத் தெரியும். குழுவினர் மேஜைமேல் பம்பரை வைத்து, பூதக்கண்ணாடியால் இழையைப் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து யஜமானரின் தலைப்பாகையைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் மறுபடி குனிந்துகொண்டார்கள்.

"இது முடி" என்றார் செந்தில்நாதன்.

"தங்க நிறமா இருக்கே சார்?" என்றார் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு இளைஞர்.

"வெயில்ல வெளுத்திருக்கும்."

அந்த இளைஞரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

பம்பர்களை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறவர் தொட்டையன். வயசானவர், மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறவர். சாட்சி கேட்பதற்காக அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடி வழியே கையைக் காட்டி, கன்னடத்தில், "அந்தப் பேட்டாவைக் கழட்டுங்க சாமி, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். அவருக்கு டீ கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் குழு ஒரு புதிய உண்மையைக் கண்டுபிடித்தது: தொட்டையன் நரைமுடிக்கு மருதாணி போடுகிறவர், வெளிச்சத்தில் பார்த்தால் அது கிட்டத்தட்டத் தங்க நிறம். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் போனபிறகும் தங்க இழைகள் வந்தன. ஒரு முறை விழுந்த முடி காற்றில் பல நாள் சுற்றும் என்று குழு குறிப்பு எழுதிக்கொண்டது.

மகேஸ்வரி செந்தில்நாதனைத் தனியாகப் பார்த்தாள். அவர் தமிழர், தன் பேச்சைக் கேட்பார் என்று ஒரு நம்பிக்கை.

"சார், நான் துடைக்கறதுல கொறை எதும் இல்லீங்க. உங்களுக்கே தெரியுமுங்க அது எங்கிருந்து வருதுன்னு. என்ற வேலை போயிருமுங்க சார்."

செந்தில்நாதன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தெரியும்மா. எனக்குத் தெரியும், சுசித்ராவுக்குத் தெரியும், செக்யூரிட்டிக்குத் தெரியும். தெரியறது வேற, சொல்றது வேற. நான் இங்க தரத்துக்குத்தான் மேனேஜர். உண்மைக்கு மேனேஜர் யாரும் கிடையாது. உனக்கு அந்த பர்மனன்ட் போஸ்ட் வேணுமா வேண்டாமா?"

"வேணுமுங்க."

"நூல்னு எழுதினா உன் கணக்குல ஏறும், முடின்னா எல்லார் கணக்கு. அப்ப முடின்னே வெச்சுக்குவோம்."

நல்ல மனுஷன் என்று பெயர் எடுப்பது எப்படி என்று அவளுக்கு அன்றுதான் புரிந்தது.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. தலைக்கு வலை போட்டார்கள். வலைமேல் இன்னொரு வலை, அதன்மேல் தொப்பி. எண்ணெய் கூடாது, பூ கூடாது, வீட்டிலிருந்து தலை வாரிக்கொண்டு வரக் கூடாது. எல்லோரிடமும் ஒரு முடி பிடுங்கி, அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி, பம்பரில் இருந்த இழையோடு ஒப்பிட்டார்கள். எதுவும் பொருந்தவில்லை. அதனால், "சந்தேகம் எல்லோர் மேலும் சமமாக இருக்கிறது" என்று அறிக்கை வந்தது.

கடைசியில் பெங்களூரிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தார்கள். பலகையில் ஒரு மீன் முள் வரைந்து, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம் எழுதினார் அவர். மெஷின் என்று எழுதிய முள்ளை உடனே அடித்துவிட்டார். "சிறந்த ஊழியர்" என்றார். மனிதன் என்ற முள் மிஞ்சியது. பிறகு அவர் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போகும் முறையைக் கற்றுக்கொடுத்தார். எந்தப் பிரச்சினையையும் இப்படிக் கேட்டால் வேர் கிடைத்துவிடுமாம்.

"பம்பரில் ஏன் முடி இருக்கிறது?"

"விழுந்ததால்" என்றார்கள் எல்லோரும்.

"ஏன் விழுந்தது?"

"தலையில் இருந்ததால்."

"ஏன் தலையில் இருந்தது?"

ஆலோசகர் மார்க்கர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "நீங்கள் எடுக்காததால்" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப்பின் அவர் ரயிலேறிப் போய்விட்டார்.

பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் மொட்டை அடித்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் தப்பு. கம்பெனி சொன்னது வேறு. சுசித்ரா எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினாள். அவள் பேச்சில் வரும் அல்வா தின்பது அல்ல; கன்னடத்தில் இல்லையா என்று அர்த்தம்.

"இது கட்டாயம் இல்ல. முழுக்க முழுக்க உங்க விருப்பம். விருப்பம் இல்லாதவங்க என் ரூமுக்குத் தனியா வந்து காரணம் சொல்லலாம். ஆனா ஒண்ணு, கம்பெனி உங்களுக்காக எவ்வளவோ விட்டுக்கொடுத்திருக்கு, அல்வா? ஃபேன் ரிப்பேரைக்கூட நாங்க பெரிசு பண்ணல. நம்ம செந்தில்நாதன் சாரைப் பாருங்க. நமக்கெல்லாம் முன்மாதிரியா அவர் பல வருஷத்துக்கு முன்னாடியே இதைத் தொடங்கிட்டார்." செந்தில்நாதன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பக்தர்கள் முடி காணிக்கை கொடுக்கும் மாதேஸ்வரன் மலைக்குக் கம்பெனி பஸ் விடுவதாக ஏற்பாடு. சலூனுக்கு அழைத்துப்போனால் தொழிலாளர் துறை கேள்வி கேட்கும். கோயிலுக்கு அழைத்துப்போனால் அது சுற்றுலா.

மகேஸ்வரியோடு பம்பர் துடைக்கும் லிங்கம்மா, மகன் கல்யாணம் வைத்திருப்பதாகச் சுசித்ராவின் அறைக்குப் போய்க் காரணம் சொன்னாள். காரணத்தைக் கம்பெனி முழு மனதோடு ஏற்றுக்கொண்டது. கல்யாண வேலைகளை நிம்மதியாகப் பார்க்கட்டும் என்று அவளை அடுத்த நாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் மகேஸ்வரி அறைக்கு வந்து கணேசனிடம் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"சாமிக்குன்னா குடுக்கலாம் புள்ள. நோவு தீந்தா குடுப்பாங்க, புள்ள பொறந்தா குடுப்பாங்க. காரு பம்பருக்கு எவளாச்சும் முடி குடுப்பாளா?"

"குடுக்காட்டி வேலை இல்லீங்க."

"நான் உசுரோட இருக்கறப்ப நீ மொட்டத் தலையோட வந்து நின்னா, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"பாக்கறவங்களா நமக்குச் சோறு போடறாங்க?"

கணேசன் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, பின்னலைப் பிரித்துவிட்டு, தானே எண்ணெய் தடவி வாரிவிட்டான். கம்பெனி சட்டப்படி அது குற்றம். அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்குத் தெரியக்கூடாதென்று குனிந்தே இருந்தாள்.

பஸ் கொள்ளேகால் வழியாக ஹனூரில் டீ குடிக்க நின்றது. டிராக்டர்களுக்கு நடுவே கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக் கூட்டம் கூடிவிட்டது. பஸ்ஸின் பக்கவாட்டில் "பூஜ்யக் குறைபாடு நோக்கி ஒரு பயணம்" என்று துணி கட்டியிருந்தார்கள். அங்கே மகேஸ்வரியின் அத்தை ராமக்காள் சந்தைக்கு வந்திருந்தாள்.

"ஏ மகேசு! மலைக்கா போறே? என்ன வேண்டுதலு? உன்ற ஊட்டுக்காரனுக்கு இடுப்பு சேந்துருச்சா?"

"இல்லீங்க அத்தை."

"பின்ன என்னத்துக்குக் கண்ணு?"

மகேஸ்வரி பொய் சொல்லத் தெரியாதவள். "காருக்கு முன்னால இருக்குமுங்களே பம்பரு, அதுல நூலு ஒட்டுதுங்க. அது நிக்கோணும்னு."

ராமக்காள், "கார் வாங்கிட்டயா சாமி? எங்கிட்டச் சொல்லவே இல்லியே" என்று சந்தோஷமாகக் கன்னத்தைத் தடவினாள். மகேஸ்வரிக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. பஸ் ஹாரன் அடித்தது.

மலையில் முடி எடுக்கும் இடத்தில் ஒரு கிழவர் தண்ணீர் தெளித்து, கத்தியை வைக்குமுன், சாமியை நினைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் கண்ணை மூடினாள். என்ன முயன்றும் பேட்டா வைத்த யஜமானர்தான் வந்து நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, வேலை நிலைக்க வேண்டும் என்று அவரிடமே வேண்டிக்கொண்டாள். முடி மடியில் விழ விழ அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார்.

பஸ்ஸில் போனவர்களில் மகேஸ்வரியைத் தவிர மற்ற எல்லோரும் நிரந்தரத் தொழிலாளர்கள், ஆண்கள். திங்கட்கிழமை காலை அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கேட்டில் தேய்த்துவிட்டு மொட்டைத் தலைகளோடு உள்ளே போனார்கள். ஒப்பந்த ஆட்களுக்கு அட்டை கிடையாது. அட்டையைத் தொலைத்துவிடுவார்கள் என்பதால் அவர்களுக்கு முகம்தான் அட்டை. கேட்டில் இருக்கும் மெஷினுக்கு முன்னால் நின்று முகத்தைக் காட்டினால் அது வணக்கம் சொல்லிக் கதவைத் திறக்கும்.

மகேஸ்வரி தலையில் சுற்றியிருந்த துண்டை எடுத்துவிட்டு நின்றாள். மெஷின் யோசித்தது. பிறகு கன்னடத்தில் ஒரு பெண் குரலில், ரொம்ப மரியாதையாக, தங்களை அடையாளம் தெரியவில்லை என்றது.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி பசவராஜ் தினமும் அவளோடு கன்னடம் கலந்த தமிழில் பேசுகிறவன். "இன்னொரு தடவை பண்ணுங்க அக்கா. கொஞ்சம் பக்கத்துல வாங்க." அவள் பக்கத்தில் போனாள், தள்ளி நின்றாள், சிரித்துப் பார்த்தாள், சிரிக்காமல் பார்த்தாள். மெஷின் ஒவ்வொரு தடவையும் அதே மரியாதையோடு மறுத்தது.

"தம்பி, நான் யாருன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"அய்யோ, நல்லாத் தெரியும் அக்கா. நீங்க மகேஸ்வரியக்கா. நான் என்ன மாடோது, என்ன செய்யறது? எனக்குத் தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல, அதுக்குத் தெரியணும்." அவன் சுசித்ராவுக்குப் போன் போட்டான்.

சுசித்ரா வந்தாள். கூடவே செந்தில்நாதனும் வந்தார். சுசித்ரா மகேஸ்வரியின் தலையைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "மகேஸ்வரி, உங்க தியாகத்தைக் கம்பெனி மறக்காது. உங்க போட்டோ இந்த மாசம் நோட்டீஸ் போர்டுல வருது."

"மேடம், மெஷின் என்னை உட மாட்டேங்குதுங்க. புதுசா ஒரு போட்டோ புடிச்சு வெச்சிருங்க மேடம்."

"அது முடியாதே. புது முகம் பதிவு பண்றது புதுசாச் சேர்றவங்களுக்கு மட்டும். நீங்க பழைய ஆள், அல்வா?"

"வருசா வருசம் என்னைப் புது ஆளாத்தானுங்க சேத்தறீங்க?"

"கரெக்ட். அதுக்கு முதல்ல பழைய ஆள் ராஜினாமா கொடுக்கணும். ராஜினாமாவை உள்ள வந்து என் டேபிள்ல கொடுக்கணும்."

"உள்ள வாரேனுங்க. கதவத் தொறக்கச் சொல்லுங்க."

"முகம் பொருந்தாம எப்படி வர்றது?" என்றாள் சுசித்ரா. அவளுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. மகேஸ்வரியின் தோளைத் தொட்டுச் சொன்னாள். "பயப்படாதீங்க. இதுக்கு ஒரு வழி இருக்கு. முடி வளரட்டும். பழைய மாதிரி ஆனதும் மெஷின் தானா உங்களைக் கண்டுபிடிச்சிடும்."

"முடி வளந்து வந்தா பெயின்ட் ஷாப்புக்குள்ள உடுவீங்களா மேடம்?"

"அதெப்படி? அங்க முடி இருக்கக் கூடாதே."

மகேஸ்வரி செந்தில்நாதனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "இன்னைக்குக் காலையிலயும் பம்பர் திரும்பி வந்துருச்சும்மா. அதே இழைதான். குழு இப்ப புருவத்தைப் பத்திப் பேசிட்டிருக்கு" என்றார். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக உள்ளே போய்விட்டார்.

"சார்! நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார்!" என்று அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தன் குரலை அவ்வளவு பெரிதாக அவள் அதற்குமுன் கேட்டதில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, அவமானமாக இருந்தது, அதையெல்லாம்விட, வீட்டில் கணேசனிடம் இதை எப்படிச் சொல்வது என்ற பயம் பெரிதாக இருந்தது. முடி எடுத்ததும் வேலை உறுதியாகிவிட்டது என்று நேற்று ராத்திரி அவனிடம் அவள்தான் சொல்லியிருந்தாள்.

"லைன் நிக்கக் கூடாது பாருங்க. அதனால உங்க இடத்துக்கு இன்னைக்கு ஒரு பொண்ணை எடுத்திருக்கோம்" என்றாள் சுசித்ரா. "தப்பா நினைக்காதீங்க. அவளுக்கும் அடுத்த வாரம் பஸ் ஏற்பாடு பண்ணியாச்சு."

மகேஸ்வரிக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. யாரோ, "அக்கா, கொஞ்சம் நகருங்க, லேட்டாகுது" என்றார்கள். பசவராஜ் அவள் கையைப் பிடித்து மெதுவாக ஓரமாக நிறுத்தினான். அடுத்து நின்றது அவள் இடத்துக்கு எடுத்திருந்த சின்னப் பெண். குண்டலுபேட்டையிலிருந்து அன்றுதான் வந்தவளாம், முகத்தை மட்டும் முன்கூட்டியே போனில் வாங்கிப் பதிவு செய்துவிட்டார்களாம். முதல் நாள் என்பதால் தலை நிறைய எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் பயந்துகொண்டே மெஷினுக்கு முன்னால் முகத்தைக் காட்டினாள். மெஷின் யோசிக்கவே இல்லை. வணக்கம் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டது.